நூற்றிருபதுக்கு மேல் எண் இல்லை

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்க அன்பர்கள் குறைந்தது பதினைந்து பேராவது என்னைத் தனியே ஒதுக்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "என்ன சார், சுகரா?" சிலர் அதைக் கேட்கவும் தயங்கி என் மனைவியிடம் போய், "வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று இழுத்தார்களாம். நம்மவர்களுக்கு ஒருவன் பருத்தால் அது செழிப்பு, இளைத்தால் வியாதி. ஒன்பது ஆண்டுகளாக விழா உணவுக் குழுவில் இருந்து, வடை மாவின் உப்பு முதல் சர்க்கரைப் பொங்கலின் அடிப்பிடிப்பு வரை ருசி பார்த்தே பதவியைக் காப்பாற்றி வந்தவன், ஓர் ஓரமாக நின்று வெள்ளரித் துண்டு தின்றுகொண்டிருந்தால் யாருக்குத்தான் கவலை வராது?

"ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடுங்களேன்" என்றார் மலர் ஆசிரியர். ஒரு வருடமாவது முடியட்டும் என்று காத்திருந்தேன். மூன்று மாதத்தில் இளைத்து, அடுத்த மூன்று மாதத்தில் முன்னைவிட ஊதிப்போன அனுபவம் எனக்கு உண்டு. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

1995ல் நான் சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடித்து ஹைதராபாத் வந்தபோது எனக்கு 24 வயது. சென்னை சென்ட்ரலில் வண்டி புறப்பட நேரமிருந்ததால் பிளாட்பாரத்து எடை மெஷினில் ஏறிக் காசு போட்டேன். விளக்குகள் மின்னி, சக்கரம் சுற்றி, கெட்டி அட்டை ஒன்று விழுந்தது. ஒரு பக்கம் சினிமா நடிகர் படம், மறுபக்கம் எடையும் ஜோசியமும். எடை 58 கிலோ. ஜோசியம், உழைப்பால் உயர்வேன் என்ற பொருளில் ஏதோ சொன்னது. உயரம் அதே 169 சென்டிமீட்டரில்தான் நிற்கிறது, அகலம்தான் கூடியது.

அமீர்பேட்டில் கால் வைத்த பிரம்மச்சாரிகளுக்கு என்ன நடக்கும் என்று இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லத் தேவையில்லை. மைத்ரிவனத்தைச் சுற்றிக் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அறைக்கு நாலு பேர். சாப்பாடு மெஸ்ஸில். ஆந்திரா மெஸ் சாப்பாடு என்றால் கணக்குக் கிடையாது. கந்திப் பொடியும் நெய்யும் முதல் சுற்று, ஆவக்காய் இரண்டாம் சுற்று, பப்பு மூன்றாவது, அதற்குப் பிறகுதான் சாம்பார், புளுசு, கெட்டித் தயிர். கும்பகோணத்தில் அம்மா அளந்து வைத்த சாதத்தைப் போல இரண்டு மடங்கு அநாயாசமாக உள்ளே போகும். மாலையில் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும், மழை பெய்தால் மிர்ச்சி பஜ்ஜியும். பிறகு வேலை, கல்யாணம், மகள், நாற்காலி உத்தியோகம். ஆண்டுக்கு இரண்டு கிலோ ஏறினால் யாரும் கவனிப்பதில்லை. முப்பது ஆண்டுகளில் அது அறுபது கிலோ ஆகிறது என்பது எளிய பெருக்கல்தான். நான் கணக்கு இலாகாவில் இருப்பவன் என்பதை இங்கே வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

வெட்கத்தை விட முக்கியமான இன்னொரு கணக்கும் இருந்தது. என் தந்தையார் 1994 ஆடி மாதத்தில் மாரடைப்பில் காலமானார். அப்போது அவருக்கு வயது 54.

2024 ஆடியில் அவருடைய திதி. ஹாலில் மணை போட்டு ஐயர் காத்திருந்தார். நான் சுவரைப் பிடித்து, முழங்காலை மடக்கிப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டேன். ஐயர் பழகியவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல், "பரவாயில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம், இப்போதெல்லாம் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது தாம்பாளம் எங்கோ கீழே இருந்தது. குனிய முடியாமல் தண்ணீர் பாதி வேட்டியில் விழுந்தது.

அன்று இரவு மகள் வந்து உட்கார்ந்தாள். பி.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். செல்போனை நீட்டி, "அப்பா, இதைக் கேளுங்க" என்றாள். என் குறட்டையைப் பதிவு செய்திருந்தாள். கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சத்தம் இல்ல அப்பா, சத்தம் நிக்கிறதைக் கேளுங்க" என்றாள். குறட்டை சட்டென்று நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் விரல் விட்டு எண்ணினாள். இருபத்திரண்டு எண்ணியதும் யாரோ தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதுபோல் ஒரு திணறல், மறுபடி குறட்டை. "நீங்க இப்படி மூச்சை நிறுத்தும்போதெல்லாம் நான் அடுத்த ரூம்ல எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

மறுநாள் பரணிலிருந்து எடை பார்க்கும் கருவியை இறக்கினேன். முள் சுற்றும் பழைய ரகம். ஏறி நின்றேன். முள் கடைசி எண்ணான 120ஐத் தாண்டிப்போய், எண்ணே இல்லாத வெள்ளை இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் 121.4 என்று சொன்னார்கள். இரத்த அழுத்தம் அதிகம், சர்க்கரை எல்லைக்கோட்டில், தூக்கத்தில் மூச்சு நிற்பது பரிசோதனையில் உறுதியாயிற்று. இரவில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சீபேப் என்ற கருவியை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் வாரம் அதைப் போட்டுக்கொண்டு படுத்தபோது விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி இருந்தது. ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன் என்று நினைக்கிறேன். நன்றாகத் தூங்கியவனுக்குப் பகலில் பசி வெறி குறைகிறது. பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டாக்டரிடம், "நான் எவ்வளவு எடை இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, எடையை அதனால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனக்கு 42க்கு மேல். உலக அளவில் 30ஐத் தொட்டால் உடற்பருமன் என்கிறார்கள். இந்தியர்களுக்கு 25லேயே அந்தக் கோடு. நம் உடல்வாகு அப்படி. புணேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற நண்பரும் 2004ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு என்பது நம்மவர்களின் தனிச் சொத்து. அதனால் இடுப்புச் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினர் ஐ.சி.எம்.ஆருடன் நாடு முழுவதும் நடத்தி 2023ல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி; வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு 39.5 பேர்.

என் உயரத்துக்கு 25 என்றால் 71 கிலோ. அதாவது 50 கிலோ குறைய வேண்டும், ஒரு முழு அரிசி மூட்டை. என் முகத்தைப் பார்த்து டாக்டர் சொன்னார்: "71ஐ மறந்துவிடுங்கள். முதல் இலக்கு ஆறு கிலோ. உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே அழுத்தமும் சர்க்கரையும் பேச்சுக் கேட்க ஆரம்பிக்கும். அதை முடித்துவிட்டு வாருங்கள், அடுத்ததைப் பேசலாம்."

இந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்த முறை காப்பாற்றியது. முன்பு மூன்று முறை முயன்று விழுந்திருக்கிறேன். ஒரு தடவை தேனும் எலுமிச்சையும். எலுமிச்சையால் இளைக்கவில்லை, தேனால் இளைக்காமலிருந்தேன். ஒரு தடவை இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அதிரவைக்கும் நிலையம், பர்ஸ் இளைத்தது. மூன்றாவது, எங்கள் தெருவிலேயே காலை நேரத்தில் கூடும் ஒரு மாவுப்பொடிக் கூட்டம். டப்பா வாங்கிக் கரைத்துக் குடிக்க வேண்டும், நண்பர்களையும் சேர்த்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது உண்மை. பொடியை நிறுத்தியதும் பன்னிரண்டு கிலோ ஏறியதும் உண்மை. அந்த மூன்று மாதமும் எனக்கு எப்படிச் சாப்பிடுவது என்று தெரியவரவில்லை, எப்படிச் சாப்பிடாமல் இருப்பது என்றுதான் தெரிந்தது.

ஆகவே இந்த முறை முதலில் படிப்பு. நம் ஊரிலேயே அதற்கு ஒரு கோயில் இருக்கிறது, பலர் பஸ்ஸில் தாண்டிப் போயிருப்பீர்கள்: தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017 நவம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு அமீர்பேட்டில் ஏறினால் வண்டி மாறாமல் தார்நாக்காவில் இறங்கலாம். இந்த நிறுவனத்தின் பூர்வீகம் தமிழ்நாடு என்பது தெரியுமா? 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதுதான் விதை. அது வளர்ந்து 1958ல் ஹைதராபாத்துக்குக் குடி பெயர்ந்தது. 1969ல் இன்றைய பெயரைப் பெற்றது. நம்மைப் போலவே புலம்பெயர்ந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்ட நிறுவனம்! அதன் இயக்குநராக இருந்து பிறகு ஐ.சி.எம்.ஆர். தலைமைப் பொறுப்புக்குப் போன டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். 2019ல் நூறு வயதில் மறைந்தார். நூறு வயது வாழ்ந்தவர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்வதுதானே மரியாதை?

அவரும் சகாக்களும் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். 100 கிராம் பச்சரிசியில் 345 கலோரி. வறுக்காத நிலக்கடலையில் 567. புடலங்காயில் 18. சுரைக்காயில் 12. பூசணியில் 10! புடலங்காய்க் கூட்டை ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, சாதத்தை மலைபோல் குவித்த என் தட்டை நினைத்துப் பார்த்தேன். தலைகீழாக உட்கார்ந்திருந்தேன், முப்பது வருடம்.

ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. சாயங்காலமானால் எஸ்.ஆர். நகர்ப் பக்கம் தெருவோரம் அடுப்பு வைத்துப் பெண்கள் கையால் தட்டிச் சுடுகிறார்களே ஜொன்ன ரொட்டி, அதைத் தின்றால் தானாக இளைக்கும் என்று நம் பேட்டையில் எல்லாரும் சொல்வார்கள். அட்டவணையில் சோளம் 349 கலோரி. அரிசியைவிட நாலு கூடுதல்! ராகி 328, கோதுமை மாவு 341. தானியம் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே கணக்குதான். ஆனாலும் நான் இரவில் ஜொன்ன ரொட்டிக்கு மாறினேன். காரணம் மாயமல்ல. ரொட்டியை எண்ணலாம், சாதத்தை எண்ண முடியாது. மென்று தின்ன நேரம் பிடிக்கிறது. இரண்டு முடிந்ததும் இரண்டு முடிந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ரசத்தில் மிதக்கும் சாதத்துக்கு அந்த நாணயம் கிடையாது.

அடுத்து எண்ணெய். இதைக் குடும்பத்தலைவிகள் கவனிக்க வேண்டும். அதைவிடக் குடும்பத்தலைவர்கள் கவனிக்க வேண்டும், பஜ்ஜி கேட்பவர்கள் அவர்களே. அந்த நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று இருக்கிறது. காய்கறி 400 கிராம், தானியம் 250 கிராம், பழம் 100 கிராம். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு 27 என்றால் முப்பது நாளுக்கு மொத்தம் 2430 கிராம், அதாவது இரண்டே முக்கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நாங்கள் மாதாமாதம் வாங்கியது ஐந்து லிட்டர் கேன். நெய் தனி. கேனைத் தூக்கி அடுக்களை மேடையில் வைத்து இந்தக் கணக்கை என் மனைவியிடம் காட்டினேன். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, நான் ஊத்தறது எனக்குத் தெரியும். கேட்டு வாங்கிச் சாப்பிட்டது யாரு?" என்றாள். அதற்கு அட்டவணையில் பதில் இல்லை.

எண்ணெயை ஒரே நாளில் நிறுத்தவில்லை. மாதத் தொடக்கத்தில் மூன்று லிட்டர் மட்டும் வாங்குவது, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று ஏற்பாடு. முதல் மாதம் 24ஆம் தேதியே தீர்ந்தது. அந்த ஒரு வாரம் இட்லியும் கொழுக்கட்டையுமாக ஓடியது. இரண்டாம் மாதம் 29 வரை வந்தது. காபியில் ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு ஐந்து டம்ளர். அதுவே 50 கிராம், 200 கலோரி. ஐந்தை இரண்டாக்கினேன், இரண்டு ஸ்பூனை அரையாக்கினேன். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. கும்பகோணத்துக்காரனிடம் சாதத்தைக் கேளுங்கள், கொடுத்துவிடுவான்.

இப்போது முதல் வாரத்தைப் பற்றி எச்சரிக்கை. ஏழாம் நாள் புதிய கருவியில் (150 கிலோ வரை காட்டுவது) ஏறினால் மூன்று கிலோ குறைந்திருந்தது. இப்படியே போனால் தீபாவளிக்குள் மாப்பிள்ளை ஆகிவிடுவேன் என்று எண்ணினேன். அடுத்த வாரம் 300 கிராம். அதற்கடுத்த வாரம் 200 கிராம் ஏறியது! விஷயம் இதுதான்: உடம்பு மாவுச்சத்தின் ஒரு பகுதியை கிளைகோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது அது. ஆகவே முதலில் வடிவது தண்ணீர். உண்மையான கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7700 கலோரி மிச்சம் பிடிக்க வேண்டும். நாளுக்கு 500 மிச்சம் என்றால் கிட்டத்தட்ட பதினைந்து நாள். முதல் வார மகிழ்ச்சியும் மூன்றாம் வார துக்கமும் இரண்டுமே பொய் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் முந்தைய முயற்சிகளில் ஒன்றாவது பிழைத்திருக்கும்.

அவசரப்படுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து 2016ல் ஓர் ஆய்வு வந்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அது மட்டுமல்ல, அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துச் சிக்கனத்துக்குப் போய்விடுகிறது போலும்.

நடை விஷயத்துக்கு வருகிறேன். பி.கே. குடா பூங்காவில் முதல் நாள் ஏழு நிமிடம் நடந்தேன். பிறகு பெஞ்சில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தேன். பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தெலுங்கு மாஸ்டர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கொஞ்சம் லாவய்யாரு" என்றார், ஏதோ நேற்றுவரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போல. கோபம் வந்தது. மறுநாளும் அவர் அங்கே இருந்தார். "நின்ன ஏழு நிமிஷாலு, ஈ ரோஜு எனிமிதி" என்று கடிகாரத்தைக் காட்டினார். அவர் வயது 76. தினமும் ஒரு நிமிடம் கூட்டி, மூன்று வாரத்தில் என்னை அரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு நாள் நான் வராவிட்டால் மறுநாள் காரணம் எழுத்துமூலம் கேட்பார் போலிருந்தது. அத்தனை நடந்தும் அரை மணி மெது நடைக்குச் செலவாவது என் உடம்புக்குச் சுமார் 150 கலோரிதான்; ஒரு பிளேட் மிர்ச்சி பஜ்ஜிக்குக்கூடப் போதாது. நடையால் மட்டும் இளைக்க முடியாது என்பது எனக்குத் தெரிந்த பிறகும் நடந்தேன். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த நம் நாட்டவருக்கு உணவு மாற்றமும் நடையும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலே. முழங்காலுக்கும் லாபம்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு முக்கிய விஷயம். ஏற்கெனவே சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் உணவைக் குறைக்கக் கூடாது. மாத்திரை பழைய அளவிலேயே இருந்து சாப்பாடு பாதியானால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். என் அழுத்த மாத்திரையையும் மார்கழியில் டாக்டர்தான் பாதியாக்கினார், நானாக அல்ல.

இளைக்கப் புறப்பட்ட நடுவயதுக்காரர்களின் மூதாதை என்று லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவரைச் சொல்லலாம். ஈமச்சடங்குத் தொழில் நடத்தி வந்தவர். அறுபது வயதைத் தாண்டிய அவர் குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட முடியாமல், மாடிப்படியில் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை என்று போன இடத்தில் டாக்டர் ஹார்வி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். 202 பவுண்டிலிருந்து ஒரே ஆண்டில் 46 பவுண்டு குறைந்தது. 1863ல் அதைச் சிறு நூலாக அவரே அச்சிட்டார். அவர் பெயரே ஆங்கிலத்தில் பத்தியம் இருப்பதைக் குறிக்கும் வினைச்சொல் ஆயிற்று. மாடிப்படியில் பின்னோக்கி இறங்கியவரைப் படித்ததும் எனக்கு மணை மீது உட்கார முடியாத நாள்தான் நினைவுக்கு வந்தது.

ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2025ல் டிர்செபடைடு, செமாகுளுடைடு என்ற இரண்டு மருந்துகளும் எடை குறைக்கும் வார ஊசியாக நம் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டன. பசியைக் குறைப்பதில் வலிமையானவை. என் டாக்டரும் பேச்செடுத்தார். செமாகுளுடைடை நிறுத்தியவர்கள் ஓராண்டில், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக ஆய்வு சொல்கிறது. அப்படியானால் அது நெடுங்காலச் செலவு. மகள் படிப்பு முடியும்வரை எனக்குக் கட்டுப்படி ஆகாது. போட்டுக்கொள்பவர்களைச் சோம்பேறி என்று பேசுவது மட்டும் தவறு. அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை நாம் அப்படிச் சொல்வதில்லையே.

மார்கழியில் கும்பகோணம் போனபோது எடை 111. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்ப்பா, என்னாச்சு உனக்கு? எங்கிட்ட மறைக்காதே" என்று கண் கலங்கிவிட்டது. ஒரு தாயிடம் பி.எம்.ஐ. கணக்குச் சொல்லி எப்படித் தேற்றுவது? அடுப்படிக்குப் போய் அவசரமாக அடையும் வெண்ணெயுமாக வந்தார். ஒன்றைச் சாப்பிட்டேன். இரண்டாவதை மறுத்தபோது முகம் வாடியது. அப்போதுதான் அப்பா பேச்சை எடுத்தேன். "இந்த வருஷம் எனக்கு 54 வருதும்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் தட்டில் பாதி புடலங்காய்ப் பொரியல் இருந்தது. சாதத்தை அவரே அளந்து வைத்தார், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வைத்த அதே அளவு.

எல்லா மாதமும் நன்றாகப் போனது என்று எண்ண வேண்டாம். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் முள் 108ஐ விட்டு அசையவில்லை. எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைந்துவிடுகிறது, முதலில் வெட்டியதே போதாமல் போகிறது என்று டாக்டர் விளக்கினார். அந்தக் கோபத்தில் ஒரு சனிக்கிழமை அலுவலக நண்பர்களோடு முழு பிரியாணி. திங்கட்கிழமை இரண்டு கிலோ கூடுதல். பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். முந்தைய நானாக இருந்தால் அதோடு கைவிட்டிருப்பேன். மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்ற பயத்தில் போய்விட்டேன். இரவு ரொட்டி இரண்டிலிருந்து ஒன்றரையாயிற்று, முட்டையும் பருப்பும் கொஞ்சம் கூடின. ஏப்ரலில் மறுபடி இறங்கத் தொடங்கியது.

இந்த ஆடியில் மறுபடி அப்பாவின் திதி. அன்று காலை எடை 100.8. மூன்று இலக்கத்திலிருந்து இரண்டுக்கு இறங்க இன்னும் 900 கிராம் வேண்டும், 71க்கு இன்னும் முப்பது கிலோ. டாக்டரின் ஆறு கிலோ பேரம் இப்போது நான்காவது சுற்றில் இருக்கிறது. சீபேப் கருவி இன்னமும் தலைமாட்டில்தான். அடுத்த பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்கிறார்கள். மகள் எண்ணுவதை நிறுத்திவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

ஐயர் வந்ததும் வழக்கப்படி நாற்காலியை நோக்கிக் கையைக் காட்டினார். மகள் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். நான் மணையில் உட்கார்ந்தேன். சம்மணம் முழுசாகக் கூடவில்லை, வலது காலைச் சற்று நீட்டிக்கொண்டேன். தண்ணீர் தாம்பாளத்திலேயே விழுந்தது. எழுந்திருக்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று இலையில் இரண்டு வடை வைத்தார்கள். இரண்டையும் சாப்பிட்டேன்.